ஸ்காட்லாந்து கிராமத்துல குளிர்காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடக்கு ஸ்காட்லாந்துல கெர்ன்கார்ம்ஸ் மலைக்குக் கீழ, ஸ்பே ஆறு ஓடற பள்ளத்தாக்குல இருக்கற ஒரு சின்ன கிராமத்துல இருந்து எழுதறேன். கேர் ஹோம், ஆஸ்பத்திரி, ஹோட்டல்னு வேலைக்கு இந்தப் பக்கம் வர்ற நம்மாளுங்களும், டிசம்பர்ல சுத்திப்பாக்க வரலாமான்னு யோசிக்கறவங்களும் திரும்பத் திரும்பக் கேக்கற கேள்விகளை ஒரே இடத்துல போட்டு வைக்கறேன். எடின்பரோ, கிளாஸ்கோ மாதிரி ஊர்ல இருக்கறவங்களுக்கு இதுல பாதி பொருந்தாது, இது முழுக்க கிராமத்துக் கதை.

எவ்ளோ குளிரும்? மைனஸ் இருபது, முப்பதெல்லாம் போகுமா?

தினமும் போகாது. பள்ளத்தாக்குல சாதாரண குளிர்கால நாள்னா பகல்ல பூஜ்யத்துல இருந்து ஆறு டிகிரி வரைக்கும், ராத்திரி மைனஸ்ல கொஞ்சம், அவ்ளோதான். வானம் தெளிஞ்சு, காத்து நின்னு, தரையில ஸ்னோ கிடந்தா மட்டும் மைனஸ் பத்து, பதினஞ்சுன்னு இறங்கும். பிரிட்டன்ல பதிவான மிகக் குறைஞ்ச வெப்பநிலை மைனஸ் 27.2 டிகிரி, அது எங்க மலைக்கு அந்தப் பக்கம் இருக்கற பிரேமார் கிராமத்துல 1895 பிப்ரவரியிலயும் 1982 ஜனவரியிலயும், இன்னும் வடக்க ஆல்ட்னஹாராவுல 1995 டிசம்பர் 30 அன்னிக்கும் பதிவாச்சு. இந்த ரெண்டு ஊருமே மலை உச்சியில இல்ல, பள்ளத்துலதான் இருக்கு. குளிர்ந்த காத்து கனமா இருக்கறதால ராத்திரி பூரா மலைச்சரிவு வழியா கீழ இறங்கி வந்து பள்ளத்துல தேங்கிடும், அதனால சில காலையில மலை மேல ஏறினா கீழ இருக்கறதை விட கதகதப்பா இருக்கும்.

நாங்க மாஸ்கோவை விட வடக்க இருக்கோம், ஆனா அட்லாண்டிக் கடல்ல இருந்து வர்ற ஈரக்காத்து எங்களைக் காப்பாத்துது. அதே காத்துதான் பிரச்சினையும். திங்கக்கிழமை ஸ்னோ, புதன்கிழமை மழை, வெள்ளிக்கிழமை அந்த மழைத்தண்ணி உறைஞ்சு ரோடெல்லாம் கண்ணாடி, இப்படி மாறி மாறி வரும். மைனஸ் எட்டுல வெயிலடிக்கற நாள் ரொம்ப சுகம், ரெண்டு டிகிரியில சாரலும் காத்தும் சேர்ந்து அடிக்கற நாள்தான் எலும்பு வரைக்கும் போகும். கெர்ன்கார்ம்ஸ் மலைத்தொடர்ல இருக்கற கெர்ன் கோர்ம்ங்கற மலை உச்சியில 1986 மார்ச் 20 அன்னிக்கு மணிக்கு 173 மைல், அதாவது 278 கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிச்சிருக்கு, பிரிட்டன்ல அதுதான் ரெக்கார்ட்.

குளிரை விட இருட்டுதான் கஷ்டம்னு சொல்றாங்களே, நெஜமா?

நெஜம். இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதில்தான் படிப்பீங்கன்னா இதைப் படிங்க. டிசம்பர் 21 வாக்குல இங்க சூரியன் காலையில ஒன்பது மணியை ஒட்டி உதிச்சு மதியம் மூணரைக்கெல்லாம் மறைஞ்சிடும், மொத்தப் பகலே ஆறரை மணிநேரம். அந்த ஆறரை மணிநேரத்துலயும் நடுமதியத்துல கூட சூரியன் அடிவானத்துக்கு மேல ஒன்பது டிகிரிதான் ஏறும் (அதே நாள் சென்னையில அம்பத்து மூணு டிகிரி இருக்கும்), அதனால தெற்குப் பக்கம் மலை இருக்கற வீடுகளுக்கு வாரக்கணக்கா நேர் வெயிலே விழாது. அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னாடி தள்ளுவாங்க, அன்னிக்கு சாயங்காலம்தான் குளிர்காலம் வந்துடுச்சுன்னு மனசுக்கு உறைக்கும்.

புதுசா வர்றவங்க எல்லாரும் ஜாக்கெட்டுக்கும் பூட்ஸுக்கும் பணம் ஒதுக்கறாங்க, வெளிச்சத்துக்குத் திட்டம் போடறதில்ல. முடிஞ்சா லன்ச் பிரேக்ல அரைமணி நேரமாவது வெளிய நடங்க, மேகமூட்டமா இருந்தாலும் பரவால்ல, வீட்டு பல்பை விட அது எவ்ளோவோ மேல். நைட் ஷிஃப்ட் பாக்கறவங்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏன்னா பகல்ல தூங்கி எழுந்தா மறுபடியும் இருட்டுதான், அப்படியே பல நாள் சூரியனையே பாக்காம போயிடும். வைட்டமின் டி விஷயமும் இருக்கு. அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் இங்க தோல்ல படற வெயில்ல வைட்டமின் டி உருவாகறதுக்கான சக்தி கிடையாது, அதனால எல்லாருமே தினம் 10 மைக்ரோகிராம் மாத்திரை எடுத்துக்கலாம்னு இங்கத்து அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் சொல்லுது. நம்மள மாதிரி கருப்பான தோல் உள்ளவங்க வருஷம் பூரா எடுக்கறதைப் பத்தி யோசிக்கச் சொல்றாங்க. மனசு ரொம்ப நாள் இருண்டே கிடந்தா ஜிபி, அதாவது குடும்ப டாக்டர் கிட்ட போய் வாய்விட்டுச் சொல்லுங்க, இங்க அது சகஜம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

வீட்டை எப்படி சூடா வெச்சுக்கறது? பில் எவ்ளோ வரும்?

பில் வீட்டுக்கு வீடு மாறும், அதனால நம்பர் சொல்லல. முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது, கிராமத்துல நிறைய வீட்டுக்கு குழாய் கேஸ் கிடையாது. தோட்டத்துல ஒரு பெரிய டேங்க், அதுல ஹீட்டிங் ஆயில், அதாவது மண்ணெண்ணெய், லாரியில வந்து ரொப்புவாங்க. பெரும்பாலும் 500 லிட்டருக்குக் குறைஞ்சா வர மாட்டாங்க, அதனால சேர்ந்து ஆர்டர் பண்ணற கிராமமெல்லாம் உண்டு. செப்டம்பர், அக்டோபர்லயே ரொப்பிடுங்க, ஜனவரியில ஸ்னோ மூடின ஏத்தத்துல அந்த லாரி ஏறாது.

கூடவே விறகு அடுப்பு இருந்தா பாக்கியம். விறகு நல்லா காஞ்சிருக்கணும், ஈரப்பதம் இருபது சதவீதத்துக்குக் கீழ, இல்லன்னா புகைதான் வரும், சூடு வராது, சிம்னியில தாரும் படியும். வருஷத்துக்கு ஒருதடவை சிம்னி சுத்தம் பண்ண ஆளைக் கூப்பிடுங்க. கார்பன் மோனாக்ஸைடு அலாரம் கட்டாயம், 2022 பிப்ரவரியில இருந்து ஸ்காட்லாந்துல விறகோ ஆயிலோ எரிக்கற வீடுகளுக்கு அது சட்டம்.

வாடகை வீட்டுக்குக் குடிபோன அன்னிக்கே தண்ணி மெயின் வால்வு எங்க இருக்குன்னு கேட்டு வெச்சுக்கோங்க, குழாய் உறைஞ்சு வெடிச்சா முதல்ல மூட வேண்டியது அதுதான். ஊருக்குப் போறீங்கன்னா ஹீட்டிங்கை முழுசா ஆஃப் பண்ணாம குறைச்சு ஓட விடுங்க. இன்னொன்னு, கடுங்குளிர்ல பாய்லர் திடீர்னு நின்னா பல நேரம் பாய்லர் கெட்டிருக்காது, அதுல இருந்து வெளிய போற சின்ன பிளாஸ்டிக் தண்ணிக்குழாய் உறைஞ்சிருக்கும். வெதுவெதுப்பான தண்ணியை (கொதிக்கற தண்ணி வேண்டாம்) அந்தக் குழாய் மேல ஊத்தி ரீசெட் பண்ணிப் பாருங்க, அப்புறம் மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

கரண்ட் கட் ஆகுமா?

ஆகும். வயர் எல்லாம் கம்பத்துல, மரங்களுக்கு நடுவுல போகுது. 2021 நவம்பர் 26 அன்னிக்கு வந்த ஆர்வென் புயல் வடகிழக்கு ஸ்காட்லாந்துல லட்சக்கணக்கான மரங்களைச் சாய்ச்சுது, சில வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல கரண்ட் வரல. ஆயில் பாய்லரும் கரண்ட் இல்லாம ஓடாதுங்கறது நிறைய பேருக்கு அப்பதான் தெரியும். அதனால டார்ச், பவர் பேங்க், பேட்டரி ரேடியோ, ஹாட் வாட்டர் பேக், சமைக்காம சாப்பிடற மாதிரி கொஞ்சம் சாப்பாடு, எல்லாத்தையும் ஒரு டப்பாவுல போட்டு கைக்கு எட்டற இடத்துல வைங்க. கரண்ட் போனா கூப்பிட வேண்டிய நம்பர் 105. பக்கத்து வீட்டுல வயசானவங்க இருந்தா போய் ஒரு தட்டு தட்டிப் பாருங்க, உங்க வீட்டுக் கதவையும் யாராவது வந்து தட்டுவாங்க, அதுதான் இங்க வழக்கம்.

என்ன டிரெஸ் வாங்கணும்?

ஒரே ஒரு தடிமனான கோட்டை நம்பாதீங்க. உள்ள கம்பளி பனியன், நடுவுல ஃப்ளீஸ், வெளிய மழையும் காத்தும் புகாத ஜாக்கெட். காட்டன் நனைஞ்சா காயவே காயாது, ஜீன்ஸும் அப்படித்தான். குடை கொண்டு வராதீங்க, காத்துல நிக்காது. தலையில மாட்டற டார்ச் கண்டிப்பா வேணும், தெருவிளக்கு இல்லாத ரோட்டுல நடக்கறப்ப கார்க்காரங்க கண்ணுல படணும்.

கார் ஓட்டறது பயமா இருக்கு, என்ன பண்றது?

பயம் இருக்கறது நல்லதுதான். ராத்திரியும் விடிகாலையும் உப்பு லாரிங்க ஓடும், ஆனா மெயின் ரோட்டுக்குத்தான் முதல்ல, உங்க வீட்டுச் சந்துக்கு வராமலே போகலாம். அங்கங்க ஓரமா இருக்கற உப்பு டப்பாவுல இருந்து நீங்களே அள்ளித் தூவிக்கலாம், அது ரோட்டுக்கும் பொது நடைபாதைக்கும்தான். மைனஸ் எட்டு பத்துக்குக் கீழ போச்சுன்னா உப்பும் சரியா வேலை செய்யாது. கிளென்ஷீ வழியா போற ஏ93 ரோடு 670 மீட்டர் உயரம் ஏறுது, பிரிட்டன்ல அதை விட உயரமான மெயின் ரோடு கிடையாது. அங்கயும் டாமின்டூல் போற லெக்ட் ரோட்டுலயும் ரோட்டுக்குக் குறுக்கவே கேட் இருக்கு, ஸ்னோ அதிகமானா பூட்டிடுவாங்க. கேட் பூட்டியிருந்தா சுத்து வழியில போங்க, வேற யோசனையே வேண்டாம்.

விண்டர் டயர் இங்க சட்டப்படி கட்டாயம் இல்ல, ஆனா மலைப்பக்கம் வேலைக்குப் போறவங்க வாங்கிடுங்க, ஏழு டிகிரிக்குக் கீழ சாதாரண டயர் ரப்பர் இறுகிப் போய் பிடிப்பு குறையும். கார்ல போர்வை, மண்வெட்டி, ஃப்ளாஸ்க், சார்ஜர். ஸ்னோவை விட மோசமானது கண்ணுக்கே தெரியாத ஐஸ், பாலத்து மேலயும் மரநிழல் விழற வளைவுலயும் அது மதியம் வரைக்கும் அப்படியே கிடக்கும். அப்புறம் மான். இருட்டற நேரத்துல ஒரு மான் ரோட்டைத் தாண்டினா உடனே வேகம் எடுக்காதீங்க, பின்னாடியே இன்னொன்னு வரும்.

இட்லி மாவு புளிக்குமா? அங்க என்னதான் சாப்பிடுவாங்க?

புளிக்கும், ஆனா சமையல் மேடையில வெச்சா ரெண்டு நாள் ஆனாலும் அப்படியே இருக்கும். ஓவன் (oven) விளக்கை மட்டும் போட்டு உள்ள வைங்க, இல்லன்னா சுடுதண்ணி டேங்க் இருக்கற அலமாரியில வைங்க, மறுநாள் பொங்கியிருக்கும்.

இங்கத்து குளிர்காலச் சாப்பாடு சூப்தான். பார்லி, காஞ்ச பட்டாணி, கேரட், மஞ்சள் டர்னிப், ஆட்டெலும்பு போட்டு கொதிக்க வெக்கற ஸ்காட்ச் பிராத் ஒரு பானை வெச்சா ரெண்டு மூணு நாள் ஓடும், ரெண்டாவது நாள்தான் ருசி. புகை போட்ட ஹேடக் மீன், உருளைக்கிழங்கு, பால் சேர்த்த கல்லன் ஸ்கிங்க் நம்ம நாக்குக்கும் பிடிக்கும், மிளகு கொஞ்சம் தாராளமா போட்டுக்கோங்க. ஜனவரி 25, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்தநாள், அன்னிக்கு ஊர் ஹால்ல ஹேகிஸ் விருந்து இருக்கும். ஆட்டு ஈரல், இதயம், நுரையீரல், ஓட்ஸ், வெங்காயம், மிளகு, குடல்கறி சாப்பிடற வீட்டுல வளர்ந்தவங்களுக்கு அது ஒண்ணும் அதிசயமா இருக்காது. சைவ ஹேகிஸும் எல்லாக் கடையிலயும் கிடைக்கும்.

குளிர்காலத்துல ஆடெல்லாம் வெளியவே நிக்குதே, செத்துப்போயிடாதா?

வர்றவங்க எல்லாரும் மனசு கேக்காம கேக்கற கேள்வி இது. இங்க மலையில மேயற செம்மறி ஆடு, முக்கியமா கருப்பு மூஞ்சி பிளாக்ஃபேஸ் இனம், இதுக்காகவே தலைமுறை தலைமுறையா வளர்ந்தது. ஆட்டு முதுகுல விழுந்த ஸ்னோ கரையாம அப்படியே கிடந்தா பரிதாபப்படாதீங்க, உடம்புச் சூடு கம்பளியைத் தாண்டி வெளிய போகலன்னு அர்த்தம். குட்டி போடாத வயசுல தாயோட சுத்தியே எந்த மலையில எங்க மேயணும், எங்க ஒதுங்கணும்னு கத்துக்குது, அதனாலதான் வேலியில்லாத மலையிலயும் மந்தை அதோட எல்லையை விட்டுப் போறதில்ல.

ஆபத்து குளிர்ல இல்ல, காத்தோட வர்ற ஸ்னோவுலதான். ஆடு காத்துக்கு மறைவா கல்சுவர் ஓரம் ஒதுங்கும், காத்து அடிச்சுட்டு வர்ற ஸ்னோ சரியா அதே இடத்துலதான் குவியும், மந்தையே உள்ள புதைஞ்சிடும். நீளக் கம்பால குத்திப் பாத்து, நாயை விட்டு மோப்பம் பிடிச்சுத் தோண்டி எடுப்பாங்க, மூச்சுச் சூட்டுல உண்டான ஓட்டை வழியா சுவாசிச்சு பல நாள் கழிச்சும் உயிரோட வந்த ஆடுங்க உண்டு.

பண்ணைக்காரங்க வருஷக் கணக்கே நவம்பர்லதான் தொடங்குது. அப்பதான் கிடாவை மந்தையில விடுவாங்க, சினைக்காலம் கிட்டத்தட்ட அஞ்சு மாசம், கணக்குப் பாத்தா புல்லு முளைக்கற ஏப்ரல்ல குட்டி விழும். சில பேர் கிடா நெஞ்சுல சாயம் பூசி விடுவாங்க, எந்தப் பெட்டையோட சேர்ந்ததுன்னு அதோட முதுகைப் பாத்தே தெரிஞ்சுக்கலாம். ஜனவரி, பிப்ரவரியில ஸ்கேன் பண்ணற ஆள் மெஷினோட வருவார், ரெட்டைக் குட்டி சுமக்கற ஆட்டுக்குத் தனி சாயப் புள்ளி வெச்சுத் தீனி கூடக் கொடுப்பாங்க. இதெல்லாமே அந்த ஆறரை மணிநேர வெளிச்சத்துக்குள்ள, இடையில வைக்கோல், சைலேஜ் (புளிக்க வெச்ச புல்) உருட்டி, உறைஞ்ச தண்ணித் தொட்டியை உடைச்சு, மறுபடி ராத்திரி ஒரு நடை. அந்த நேரத்துல டிராக்டர் முன்னாடி போனா ஹாரன் அடிக்காதீங்க. நாயோட நடக்கறவங்க சினை ஆட்டுப் பக்கம் நாயைக் கயித்துலயே வைங்க, துரத்தினா குட்டி கலைஞ்சிடும்.

குளிர்காலத்துல காட்டுல பாக்க எதாவது இருக்கா, எல்லாம் தூங்கிடுமா?

என்னைக் கேட்டா இதுதான் பாக்கற காலம். இலை இல்ல, புதர் இல்ல, ஸ்னோவுல தடம் வேற தெளிவா விழுது, யார் எந்த வழியா போனாங்கன்னு காலையில படிச்சுடலாம். முள்ளெலி, வௌவால் மாதிரி சிலதுதான் தூங்குது. சிவப்பு அணில் தூங்கறதில்ல, பிரிட்டன்ல மிச்சம் இருக்கற சிவப்பு அணில்ல முக்கால்வாசி ஸ்காட்லாந்துலதான். செம்மான் கூட்டம் மலையில இருந்து ரோட்டோரம் வரைக்கும் இறங்கி வந்து நிக்கும். பைன் காட்டுல உச்சிக்கொண்டை வெச்ச சின்ன கிரெஸ்டட் டிட் குருவியைப் பாக்கலாம், பிரிட்டன்ல அது வாழறது எங்க பக்கத்துக் காடுகள்லதான். ஆத்துல ஐஸ் ஓரம் கட்டியிருக்கறப்பவும் டிப்பர்னு ஒரு குண்டுப் பறவை தண்ணிக்குள்ள முங்கி இரை தேடிட்டு மேல வந்து கல்லு மேல நின்னு பாடும், ஜனவரியில பாடும்!

மலை மேல டார்மிகன் பறவையும் மலைமுயலும் வெள்ளையா மாறிடும். கெர்ன்கார்ம்ஸ்ல ரெயின்டீர் மான் மந்தையும் இருக்கு, சுமார் நூத்தம்பது உருப்படி, மிகெல் உட்ஸிங்கற, ஸ்காண்டினேவியாவோட வடக்குல ரெயின்டீர் மேய்க்கற சாமி (Sámi) இனத்துக்காரர் 1952ல ஸ்வீடன்ல இருந்து கொண்டு வந்து விட்டது. டிசம்பர் கடைசியில பெரிய கொம்போட நிக்கறது பெரும்பாலும் பெண்தான், வளர்ந்த ஆணுக்கு அதுக்குள்ள விழுந்திடும்.

ஐஸ்லாந்துல இருந்து வூப்பர் அன்னமும் பிங்க் கால் வாத்தும் இங்க குளிர் கம்மின்னு வருது. ஸ்காண்டினேவியாவுல இருந்து ஃபீல்ட்ஃபேர், ரெட்விங் பறவைங்க வந்து ரோவன் மரத்துப் பழத்தைக் காலி பண்ணும். சில வருஷம் வேக்ஸ்விங் பறவையும் கூட்டமா வரும், அதுங்களைத் தேடி காட்டுக்குப் போக வேண்டாம், சூப்பர்மார்க்கெட் கார் பார்க்ல பழமரம் இருந்தா அங்கயே இருக்கும்.

தோட்டத்துல தீனி வைங்கன்னு எல்லாருக்கும் சொல்றேன். ஒரு சின்னக் குருவி ஒரே குளிர் ராத்திரியில உடம்பு எடையில பத்துல ஒரு பங்கு வரைக்கும் இழக்கலாம், அதை அடுத்த நாள் அந்தக் குட்டிப் பகலுக்குள்ள தின்னு சரிக்கட்டியாகணும். சூரியகாந்தி விதை, உப்பில்லாத வேர்க்கடலை, கொழுப்பு உருண்டை, உறையாத தண்ணி. வெக்க ஆரம்பிச்சா காலையிலயும் சாயங்காலமும் ஒழுங்கா வைங்க, ஃபீடரை அடிக்கடி கழுவுங்க, அழுக்குல நோய் பரவும்.

யார் நிலத்துலயும் நடக்கலாமாமே? மலை ஏறலாமா?

2003ல வந்த நிலச் சீர்திருத்தச் சட்டப்படி பொறுப்போட நடந்துக்கிட்டா பெரும்பாலும் எங்கயும் நடக்கலாம், வீட்டுத் தோட்டமும் விதைச்ச வயலும் தவிர. மலைல பூட்டில்லாத கல்குடிசைங்க உண்டு, போத்தின்னு சொல்வாங்க, தன்னார்வலர்கள் பராமரிக்கறது, காசு கிடையாது, கரண்ட் தண்ணியும் கிடையாது.

ஆனா குளிர்கால மலை வேற விஷயம். ஐஸ் கோடரியும், பூட்ஸ் அடியில மாட்டற முள்ளான கிராம்பானும் பயன்படுத்தத் தெரியாம உச்சிக்குப் போகாதீங்க. பனிச்சரிவு அறிவிப்பு சீசன்ல தினமும் வருது, பாத்துட்டுப் போங்க. கிளம்பறப்பவே எத்தனை மணிக்குத் திரும்பணும்னு முடிவு பண்ணி வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போங்க, உச்சி வந்தாலும் வராட்டியும் அந்த மணிக்குத் திரும்பிடுங்க. ஆபத்துன்னா 999ல போலீஸைக் கேட்டு மவுன்டன் ரெஸ்க்யூன்னு சொல்லணும். வர்றவங்க சம்பளம் வாங்காத ஊர்க்காரங்க, ராத்திரி ரெண்டு மணிக்குப் படுக்கையை விட்டு எந்திரிச்சு வர்றவங்க. பள்ளத்தாக்குல ஆத்தோரமும் பைன் காட்டுலயும் நடக்க வேண்டியது எவ்ளோவோ இருக்கு, முதல் வருஷம் அது போதும்.

நார்தர்ன் லைட்ஸ் (வடதுருவ ஒளி) வானத்துல தெரியுமா?

தெரியும், ஆனா டிக்கெட் வாங்கி வந்து பாக்கற உத்தரவாதம் கிடையாது. வடக்கு அடிவானத்துல சாம்பல் பச்சையா ஒரு வெளிச்சம்தான் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும், போட்டோவுல வர்ற கலர் எல்லாம் எப்பவாவதுதான். நட்சத்திரம் மட்டும் மேகமில்லாத எல்லா ராத்திரியும் உண்டு, டாமின்டூல், கிளென்லிவெட் பகுதிக்கு 2018ல டார்க் ஸ்கை பார்க், அதாவது விளக்கு வெளிச்சம் கெடுக்காத இருட்டு வானம் உள்ள இடம்னு அங்கீகாரமே கிடைச்சிருக்கு. மார்கழியில ஊர்ல தலைக்கு மேல பாக்கற திருவாதிரை நட்சத்திரம் இங்க தெற்கு வானத்துல பாதி உயரம் கூட வராது, பாத்தா உடனே அடையாளம் தெரியும், இருக்கற இடம்தான் மாறியிருக்கும்.

கிறிஸ்துமஸ், நியூ இயர் எப்படி?

நியூ இயர்தான் இங்க பெருசு, அதுக்கு ஹாக்மனேன்னு பேரு. ஸ்காட்லாந்துல கிறிஸ்துமஸுக்கு 1958 வரைக்கும் பொது விடுமுறையே கிடையாது. ஜனவரி 2ம் லீவு. பன்னெண்டு மணிக்கு அப்புறம் வீட்டுக்குள்ள முதல்ல காலெடுத்து வைக்கற ஆள் கருப்பு முடிக்காரரா இருந்தா அந்த வருஷம் நல்லா இருக்கும்னு நம்பிக்கை, அதனால பக்கத்து வீட்டுல உங்களைக் கூப்பிட்டா சந்தோஷமா போங்க, கையில ஷார்ட்பிரெட்டோ (வெண்ணெய் பிஸ்கட்) ஒரு துண்டு கரியோ கொண்டு போகணும், வெறுங்கையோட போகக்கூடாது. ஜனவரி 11 சாயங்காலம் பர்க்ஹெட் கடற்கரைக் கிராமத்துக்குப் போய்ப் பாருங்க. தார் ரொப்பின பாதி பீப்பாயைக் கொளுத்தித் தலைச்சுமையா ஊரைச் சுத்தி வருவாங்க, 1752ல காலண்டர் மாறினதுக்கு முன்னாடி இருந்த பழைய புத்தாண்டுக் கணக்கு அது.

ஸ்னோ குறைஞ்சுட்டு வருதுன்னு சொல்றாங்களே?

குறையுது, அது எங்களுக்கு வருத்தமான விஷயம். கெர்ன்கார்ம்ஸ்ல இருக்கற பிரேரியாக் மலையில வருஷம் பூரா கரையாம கிடந்த ஒரு பனித்திட்டு 20ஆம் நூற்றாண்டு முழுக்க 1933, 1959, 1996ன்னு மூணே தடவைதான் முழுசா கரைஞ்சது. இப்ப 2017, 2018, 2021, 2022, 2023ன்னு வரிசையா கரைஞ்சிருக்கு. உறைஞ்ச ஏரி மேல நாடே கூடி கர்லிங் (ஐஸ்ல கனமான கல்லை வழுக்கி விடற விளையாட்டு) ஆடற பெரிய போட்டி கடைசியா நடந்தது 1979ல, மென்டீத் ஏரியில. மலைமுயல் அதே மாசத்துலதான் வெள்ளையாகுது, தரை மட்டும் பழுப்பாவே இருக்கு, கழுகு கண்ணுக்கு அது மைல் தூரத்துல தெரியும். 2021 மார்ச்ல இருந்து லைசென்ஸ் இல்லாம அதைச் சுடக்கூடாதுன்னு சட்டம் வந்தது ஒரு ஆறுதல்.

எப்பதான் முடியும்?

பிப்ரவரியில ஸ்னோட்ராப் பூ வந்திடும், வாரத்துக்கு வாரம் அரைமணி நேரம் பகல் நீளும். மார்ச்ல கர்லூ, லேப்விங் பறவைங்க கடற்கரையில இருந்து வயலுக்குத் திரும்பும். ஏப்ரல்ல ஆட்டுக்குட்டி. ஆனா ஏப்ரல்லயும் ஸ்னோ விழும், மே மாசம் கூட ராத்திரி உறைபனி வரும். ஊர்ல இருந்து கொண்டு வந்த கத்திரி, மிளகாய் விதையெல்லாம் ஜன்னலோரத்துலயே வளர்த்துக்கோங்க. பீன்ஸ், பூசணி மாதிரி நாத்தை ஜூன் பொறந்தப்புறம் வெளிய நட்டா போதும்.